சினைமுட்டையைத் தேடிய செம்மல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

பாலூட்டிகளின் சினைப்பையைப் படம் வரையாத விலங்கியல் மாணவர் எவரும் இரார். வட்டத்திற்குள் சிறு சிறு வட்டங்கள் வரைந்து, ஓர் ஓரத்தில் மட்டும் நீர்க்குமிழ் போல் பெரியதாக ஒன்றை வரைந்து, கோடு இழுத்துக் கிராஃபியன் பாலிக்கிள் என்று பெயர் எழுதுகிறோம். மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அந்தக் கிராஃப் யார், எந்த நாட்டினர், எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். முப்பத்திரண்டு வயதிலேயே மறைந்துவிட்ட ஓர் இளைஞரின் பெயர் அது. பெண்ணின் உடலைப் பற்றி உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கொண்டிருந்த கருத்தை மாற்றியவர்களுள் அவர் தலையாயவர். இன்று குழந்தைப் பேற்றுக்காக ஏங்கி மருத்துவமனைக்குச் செல்லும் பெண்களுக்குச் செய்யப்படும் சோதனைகளுக்கும் அவருடைய பணிக்கும் நேரான தொடர்பு உண்டு. அப்பெருமகனாரின் வாழ்வை நம் கல்லூரி மலர் வாயிலாக நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறேன்.

பழைய நம்பிக்கைகள்

ஒரு பெரியவரின் பெருமையை உணர வேண்டுமானால் அவருக்கு முன் உலகம் என்ன எண்ணியிருந்தது என்பதை அறிதல் வேண்டும். கிரேக்க நாட்டுப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், குழந்தைக்கு உருவும் உயிரும் தருவது ஆணின் வித்தே என்றும், பெண் தருவது வெறும் மூலப்பொருள் மட்டுமே என்றும் எழுதிவைத்தார். விதை ஆணுடையது, நிலம் பெண்ணுடையது என்று நம் நாட்டில் பேசப்படும் உவமையும் ஏறக்குறைய இதே கருத்துடையதுதான். பின்னர் வந்த காலன் என்னும் மருத்துவர் பெண்ணுக்கும் வித்து உண்டு என்றார். ஆனால் அதுவும் ஆணின் வித்தைப் போன்ற ஒரு நீர்மம் என்றும், ஆற்றலில் குறைந்தது என்றும் கருதினார். பெண்ணின் வயிற்றினுள் இருக்கும் இரு சிறிய உறுப்புகளுக்குத் தனிப் பெயர்கூட இல்லை. பெண்ணின் விரைகள் என்றே அவை அழைக்கப்பட்டன.

குருதி ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி, இங்கிலாந்து மன்னரின் வேட்டைக் காடுகளிலிருந்து கிடைத்த மான்களை அறுத்துப் பார்த்தார். இணை சேர்ந்த மானின் கருப்பையில் பல நாட்கள் வரை எதையும் அவரால் காண முடியவில்லை. எல்லா உயிர்களும் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்னும் கருத்தை 1651-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் வலியுறுத்தினார். ஆனால் அந்த முட்டை எங்கே உண்டாகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. பெண்ணின் அந்த இரு உறுப்புகளுக்கும் கருவுறுதலில் பங்கே இல்லை என்று கருதினார். அவ்வளவு பெரிய மேதையே அவற்றைக் கடந்து சென்றுவிட்டார் என்றால் அக்காலத்து இருள் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இளமையும் கல்வியும்

ரேனியர் டி கிராஃப் 1641-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் ஹாலந்து நாட்டில் ஸ்கூன்ஹோவன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்தது. அந்நாளைய ஹாலந்தில் ஆட்சியிலிருந்தவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபாடு நடத்தவும் அரசுப் பதவிகளை வகிக்கவும் தடை இருந்தது. எவ்வளவு படித்தாலும் சில கதவுகள் திறக்கமாட்டா என்பதை அறிந்தே அந்த இளைஞர் படிக்கத் தொடங்கினார்.

லூவேன், யூட்ரெக்ட், லைடன் ஆகிய பல்கலைக் கழகங்களில் அவர் மருத்துவம் பயின்றார். லைடனில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் சில்வியஸ் என்னும் புகழ்பெற்ற பேராசிரியர். நூலை மட்டும் ஒப்பிக்கச் செய்யாமல் மாணவர்களை நோயாளிகளின் கட்டிலருகே அழைத்துச் சென்று கற்பித்தவர் அவர். அங்கே டி கிராஃபுடன் அதே தலைமுறையில் பயின்றவர்கள் இருவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்றனர். ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டெனோ. மற்றவர் பூச்சிகளின் உடலமைப்பை ஆராய்ந்த சுவாமர்டாம். ஒரே ஆசிரியரின் நிழலில் வளர்ந்த இவர்களே பிற்காலத்தில் ஒருவரோடொருவர் மோத நேர்ந்தது காலத்தின் கோலம்.

1664-ஆம் ஆண்டில், இருபத்து மூன்று வயது நிரம்புவதற்குள்ளாகவோ நிரம்பிய உடனேயோ, டி கிராஃப் கணைய நீரைப் பற்றிய நூலை வெளியிட்டார். உயிருள்ள நாயின் கணைய நாளத்தில் வாத்தின் இறகுத் தண்டைப் பொருத்தி, வெளியே ஒரு சிறு புட்டியைக் கட்டி, அதில் சொட்டிய நீரைச் சேர்த்தார். கணைய நீரைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் வழியை இங்ஙனம் அவர் காட்டினார். அந்நீரை நாவால் சுவைத்து, அது புளிப்புத் தன்மையுடையது என்று எழுதினார். அவருடைய ஆசிரியரின் கொள்கையும் அதுவே. ஆனால் கணைய நீர் காரத்தன்மை உடையது என்பதை இன்று நம் ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் தாளே சொல்லிவிடும். முறை சரியாக இருந்தும் முடிவு பிழைத்தது. ஆசிரியரின் கருத்து மாணவரின் நாவையும் ஆளக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. டி கிராஃபின் பிற்கால ஆராய்ச்சிகளில் சுவையைவிட எண்ணிக்கையே பெரிதாக இடம்பெறுவதைக் காண்கிறோம்.

டெல்ஃப்ட் நகரில்

பின்னர் அவர் பிரான்சு நாட்டிற்குச் சென்று, 1665-ஆம் ஆண்டு ஆன்ஷே பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். தாய்நாடு திரும்பியதும் டெல்ஃப்ட் நகரில் மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். பல்கலைக் கழகப் பேராசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. பகலில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, தம் சொந்த முயற்சியால் ஆராய்ச்சியை நடத்தினார். குருதி நாளங்களுக்குள் வண்ண நீரைச் செலுத்தி அவற்றின் போக்கை அறிவதற்கு ஏற்ற பீச்சுக் குழலைச் செம்மைப்படுத்தினார்.

1668-ஆம் ஆண்டில் அவர் ஆணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி நூல் எழுதினார். விரை என்பது வெறும் சதைத் திரள் அன்று, மிக நுண்ணிய குழல்கள் சுருண்டு அடைந்துள்ள ஓர் உறுப்பு என்று அதில் விளக்கினார். டார்மவுஸ் என்னும் சிறு கொறிவிலங்கின் விரையை நீரில் இட்டு, நூற்கண்டைப் பிரிப்பது போல் பிரித்தே காட்டினார். ஆணின் உறுப்புகளை முதலில் ஆராய்ந்து முடித்த பின்னரே அவர் பெண்ணின் உறுப்புகளைப் பற்றி எழுதினார் என்பது கருதத்தக்கது. குழந்தைப் பேறு இருவர் பொறுப்பு என்பதை அவருடைய நூல்களின் வரிசையே உணர்த்துகிறது.

முயல்கள் சொன்ன கணக்கு

1672-ஆம் ஆண்டு வெளிவந்தது அவருடைய தலைசிறந்த நூல். பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி இலத்தீன் மொழியில், தெளிவான படங்களுடன் அது அமைந்தது. பெண்ணின் விரைகள் என்று அதுவரை வழங்கப்பட்டவை உண்மையில் முட்டைகளை உண்டாக்கும் சினைப்பைகளே என்று அந்நூல் நிலைநாட்டியது. ஸ்டெனோ 1667-ஆம் ஆண்டிலேயே, சுறாவின் உடலை ஆராய்ந்தபோது, பெண்ணின் விரைகளும் சினைப்பைகளாகவே இருத்தல் வேண்டும் என்று கூறியிருந்தார். அதைச் செய்முறையால் மெய்ப்பித்துக் காட்ட முனைந்தவர் டி கிராஃப்.

அவர் செய்த சோதனையின் எளிமை நம்மை வியக்க வைக்கிறது. இணை சேர்ந்த பெண் முயல்களை வெவ்வேறு கால அளவுகளில் அறுத்துப் பார்த்தார். இணை சேர்ந்து அரை மணி நேரம் கழித்து ஒன்று, சில மணி நேரம் கழித்து ஒன்று, ஒரு நாள் கழித்து ஒன்று என்று தொடங்கி, குட்டி ஈனும் பருவமான 29-ஆம் நாள் வரை வரிசையாகப் பார்த்தார். முதலில் சினைப்பையின் மேல் நீர் நிறைந்த குமிழ்கள் புடைத்து நின்றன. பிறகு அவற்றுள் சில நிறம் மாறின, வெடித்தன, வெறுமையாயின. மூன்றாம் நாளில் கருக்குழலிலும் கருப்பையிலும் மிகச் சிறிய உருண்டைகள் தென்பட்டன. ஹார்வியின் கண்ணுக்குத் தப்பியது டி கிராஃபின் கண்ணில் பட்டது.

அவர் அத்துடன் நிற்கவில்லை, எண்ணினார். வலப்புறச் சினைப்பையில் எத்தனை குமிழ்கள் வெறுமையாயினவோ அத்தனை உருண்டைகள் வலப்புறத்தில் இருந்தன. இடப்புறத்திலும் அவ்வாறே. நாட்கள் சென்ற பின் அறுத்த முயல்களில், கருக்களின் எண்ணிக்கையும் சினைப்பையில் எஞ்சிய மஞ்சள் நிறத் திரள்களின் எண்ணிக்கையும் ஒத்துவந்தன. நுண்ணோக்கியின் துணையின்றி, வெறும் எண்ணிக்கையைக் கொண்டே, முட்டை புறப்படும் இடம் சினைப்பை என்பதை அவர் காட்டினார்.

ஒரு சிக்கலும் எழுந்தது. கருக்குழலில் கண்ட உருண்டை, சினைப்பையில் இருந்த குமிழைவிடப் பன்மடங்கு சிறியதாக இருந்தது. குமிழே முட்டை என்றால் முட்டை வழியில் சுருங்குமா? தமக்கு எதிரான அந்தச் செய்தியை டி கிராஃப் மறைக்கவில்லை. நூலிலேயே அதைக் குறிப்பிட்டு, குமிழினுள் முட்டையுடன் வேறு பொருளும் இருக்கிறது என்று விளக்கம் தந்தார். அந்த விளக்கம் சரியான திசையில் சென்ற ஒன்றே என்பதை வருங்காலம் காட்டியது.

அவர் பிழைத்த இடமும் உண்டு. இணை சேர்ந்த பின்னரே குமிழ் வெடிக்கும் என்று அவர் கருதினார். முயலுக்கு அது உண்மை. பெண்ணுக்கு அவ்வாறன்று. பருவமடைந்த பெண்ணின் சினைப்பையிலிருந்து பொதுவாக மாதந்தோறும் ஒரு முட்டை தானாகவே வெளிப்படுகிறது. ஒரு விலங்கில் கண்டதை எல்லா விலங்கிற்கும் பொருத்திவிடலாகாது என்னும் பாடத்தை இதிலிருந்து நாம் பெறுகிறோம்.

நண்பர்களிடையே பூசல்

அந்த 1672-ஆம் ஆண்டு ஹாலந்து மக்களுக்குப் பேரிடரான ஆண்டு. பிரான்சும் இங்கிலாந்தும் ஒருங்கே அந்நாட்டின் மீது போர் தொடுத்தன. டி கிராஃபின் சொந்த வாழ்விலோ அது மகிழ்ச்சியில் தொடங்கிய ஆண்டு. மேரியா வான் டைக் என்னும் நங்கையை அவர் அவ்வாண்டு மணந்தார். ஆனால் அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை சில வாரங்களே வாழ்ந்தது. உயிர் தோன்றும் வழியை ஆராய்ந்து உலகிற்குச் சொன்னவரால் தம் வீட்டுத் தொட்டிலைக் காத்துக்கொள்ள இயலவில்லை.

இந்நிலையில் பழைய நண்பர் சுவாமர்டாமின் நூலும் வெளிவந்தது. தாமும் தம் ஆசிரியர் வான் ஹார்னும் முன்னரே கண்டவற்றை டி கிராஃப் தம்முடையவை போல் வெளியிட்டுவிட்டார் என்று அவர் குற்றம் சாட்டினார். டி கிராஃப் 1673-ஆம் ஆண்டில் மறுப்பு நூல் எழுதினார். வழக்கு இலண்டன் இராயல் கழகத்தின் முன் சென்றது. கருத்தை முதலில் சொன்ன பெருமை ஸ்டெனோவுக்கு உரியது என்பதே அக்கழகத்தாரின் எண்ணமாக இருந்தது. அத்தீர்ப்பைக் கேட்க டி கிராஃப் உயிருடன் இல்லை.

பூசலும் துயரமும் சூழ்ந்திருந்த அந்த ஆண்டிலும் அவர் ஓர் அரிய செயலைச் செய்தார். டெல்ஃப்டில் துணி வணிகர் ஒருவர் இருந்தார். பல்கலைக் கழகம் சென்றவரல்லர், இலத்தீன் அறியாதவர். தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லைகளால், அதுவரை எவரும் காணாதவற்றைக் கண்டுகொண்டிருந்தார். லீவன்ஹூக் என்பது அவர் பெயர். அவருடைய திறமையை உணர்ந்த டி கிராஃப், 1673 ஏப்ரலில் இராயல் கழகத்தின் செயலாளருக்குக் கடிதம் எழுதி அவரை அறிமுகம் செய்தார். இரு நாடுகளும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. தம் புகழுக்காகத் தாமே வழக்காடிக்கொண்டிருந்த வேளையிலும், படிப்புப் பட்டம் இல்லாத ஒருவரின் திறமையை உலகறியச் செய்ய அவருக்கு மனம் இருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் எம்போன்ற மாணவர்களுக்கு, அவருடைய வாழ்வில் மிகப் பெரிய செயலாகத் தோன்றுவது இதுவே.

நான்கே திங்களில், 1673 ஆகஸ்டு 17-ஆம் நாள், டி கிராஃப் இயற்கை எய்தினார். டெல்ஃப்ட் பழைய திருச்சபையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து லீவன்ஹூக்கும் அதே திருச்சபையில் அடக்கமானார். 1677-இல் ஆணின் விந்தணுக்களைக் கண்டு அறிவித்தவர் அந்த லீவன்ஹூக்கே. விந்தணுவே எல்லாம், பெண்ணின் முட்டை என்பது வீண் கற்பனை என்று அவர் வாதிட்டார் என்பது வரலாற்றின் விந்தை.

பின்வந்தோர் கண்டவை

டி கிராஃப் ஊகித்த முட்டையைக் கண்ணால் காண இன்னும் 150 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1827-ஆம் ஆண்டு கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் என்னும் அறிஞர், ஒரு பெண் நாயின் சினைப்பைக் குமிழைத் திறந்து நுண்ணோக்கியில் நோக்கியபோது, அதனுள் ஒரு சிறு மஞ்சள் புள்ளியாக உண்மையான முட்டையைக் கண்டார். குமிழ் வீடு, முட்டை அதில் குடியிருப்பது என்பது தெளிவாயிற்று. 1876-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டையில் ஆண் அணுவின் உட்கருவும் பெண் அணுவின் உட்கருவும் ஒன்றுசேர்வதைக் கண்டார். விதையா நிலமா என்ற பழைய வழக்கு அத்துடன் தீர்ந்தது. ஆணும் பெண்ணும் ஆளுக்குப் பாதி குரோமோசோம்களைத் தருகின்றனர் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கின்றனர்.

பெண்ணின் முட்டைச் சேமிப்பு எவ்வளவு என்பதும் பின்னர் அறியப்பட்டது. தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே ஒரு பெண்ணின் சினைப்பைகளில் 60 முதல் 70 இலட்சம் முட்டை அணுக்கள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமும், பருவமடையும்போது ஏறத்தாழ 3 முதல் 4 இலட்சமுமே எஞ்சுகின்றன. வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400 முதல் 500. மற்றவை தாமாகவே அழிந்துபோகின்றன. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஓர் ஆயிரம் அளவே மிஞ்சும்.

இன்றைய சோதனையும் டி கிராஃபும்

குழந்தையின்றி மருத்துவரை நாடும் பெண்ணுக்கு இன்று இச்சேமிப்பை மதிப்பிடும் சோதனைகள் செய்யப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஸ்கேன். மாதவிலக்குத் தொடங்கிய முதல் சில நாட்களுக்குள், இரு சினைப்பைகளிலும் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள குமிழ்கள் எத்தனை என்று மருத்துவர் திரையில் பார்த்து எண்ணுகிறார். டி கிராஃப் முயலை அறுத்து எண்ணியதை, எவரையும் அறுக்காமல், ஒலியலைகளின் துணையால் எண்ணுகிறார் எனலாம். படத்தில் நாம் வரையும் பெரிய கிராஃபியன் குமிழ் முதிர்ந்தது. இவை அதன் இளைய உடன்பிறப்புகள்.

மற்றொன்று குருதிச் சோதனை. ஏ.எம்.எச். என்று சுருக்கமாக வழங்கும் ஆன்ட்டி முல்லேரியன் ஹார்மோன் அதில் அளக்கப்படுகிறது. 1940-களில் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர், தாயின் வயிற்றிலுள்ள முயல் கருக்களைக் கொண்டு செய்த சோதனைகளிலிருந்தே இந்த ஹார்மோனைப் பற்றிய அறிவு தொடங்கியது. இங்கும் நமக்கு வழிகாட்டியது முயலே! பெண்ணின் சினைப்பையில் சிறிய குமிழ்களைச் சூழ்ந்த செல்கள் இதனைச் சுரப்பதால், குமிழ்கள் மிகுந்தால் அளவு மிகும், குறைந்தால் குறையும். எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் அளப்பதும் உண்டு. சேமிப்புக் குறையும்போது பிட்யூட்டரி சுரப்பி அதனை அதிகமாகச் சுரந்து சினைப்பையைத் தூண்ட முயல்கிறது.

இச்சோதனைகள் சொல்வது எண்ணிக்கையை மட்டுமே என்பதை நாம் நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சையில் எத்தனை முட்டைகள் கிடைக்கக்கூடும், எவ்வளவு மருந்து தேவை என்று திட்டமிட அவை பெரிதும் பயன்படுகின்றன. முட்டையின் தரத்தை அவை சொல்வதில்லை. தரம் பெரும்பாலும் வயதைச் சார்ந்தது. அமெரிக்காவில் 30 முதல் 44 வயதுக்குட்பட்ட, மலட்டுத்தன்மை வரலாறு இல்லாத பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏ.எம்.எச். குறைவாக இருந்த பெண்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருவுற்றனர் என்று தெரியவந்தது. மாதம் ஒரு முட்டை வெளிவந்தால் போதும் அன்றோ! மறுபுறம், சினைப்பை நீர்க்கட்டி நோய் உள்ளவர்களுக்கு ஏ.எம்.எச். மிகுதியாக இருந்தும் முட்டை ஒழுங்காக வெளிவராமல் போவதுண்டு. ஆகவே ஒரு தாளில் அச்சிட்ட ஓர் எண்ணைப் பார்த்து ஒரு பெண்ணின் தாய்மையைத் தீர்ப்பிடுவது அறிவியல் ஆகாது.

தமிழில் மலடி என்ற சொல்லை நாம் கேட்கும் அளவிற்கு மலடன் என்ற சொல்லைக் கேட்பதில்லை. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் குழந்தைப் பேற்றுத் தடையை எதிர்கொள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெரிவித்தது. இத்தகைய இணையர்களுள் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் உண்டு என்பது மருத்துவர் கணக்கு. ஆணுக்குச் செய்யும் விந்துச் சோதனை எளியது, செலவும் குறைந்தது. ஆயினும் மனைவியைப் பல மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்ற பின்னரும் தாம் ஒரு முறைகூடச் சோதித்துக்கொள்ளாத கணவர்கள் இருக்கின்றனர். அக்கணவரை எதுவும் கேளாமல், அந்தப் பெண்ணை மட்டும் விழாக்களில் ஒதுக்கி வைக்கும் உறவினர்களும் இருக்கின்றனர். அவர்கள் அரிஸ்டாட்டில் காலத்திலேயே நின்றுவிட்டவர்கள்.

அன்பு நண்பர்களே! பெண் வெறும் நிலம் அல்லள், அவளிடமும் வித்து உண்டு என்று எண்ணிக் காட்டிய டி கிராஃபின் நூல் வெளிவந்து 350 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் பட்டம் பெற்று நம் ஊருக்குத் திரும்பும்போது, பாட்டிமாரும் அத்தைமாரும் பேசும் திண்ணைகளில் இந்தச் செய்தியை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. சோதனை வேண்டுமானால் இருவருக்கும் வேண்டும். பழி ஒருவருக்கும் வேண்டா. இதனை ஒரு வீட்டிலேனும் ஏற்கச் செய்தோமானால், நாம் வரைந்த அந்தப் படத்திற்கும் எழுதிய அந்தப் பெயருக்கும் பொருள் உண்டாகும்.